மூன்று அளவு போதுமா?

திருவானைக்காவலில் மொட்டை மாடி ஒன்றில் ஏறினால் மேற்கே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், தெற்கே காவிரிக்கு அப்பால் மலைக்கோட்டை. மாடியையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். அதன் பக்கங்களையும் கோணங்களையும் முழுக்கக் கண்டுபிடிக்க எத்தனை அளவு வேண்டும்?

மூன்று என்பார்கள். எந்த மூன்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று கோணமும் தெரிந்தாலும் தூரம் கிடைக்காது. தாளில் வரையும் குட்டி முக்கோணத்துக்கும் அதே கோணங்கள்தான். (மூன்றாவது கோணம் புதுத் தகவலே இல்லை, மற்ற இரண்டையும் 180-இலிருந்து கழித்தால் வந்துவிடும்.) ஒரு பக்கமாவது வேண்டும். 1802-இல் நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தது இதற்காகத்தான். அதன்பின் கோணங்களை வைத்தே முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகத் தெற்கே நகர முடிந்தது.

வம்பு பிடித்தது இன்னொன்று: இரண்டு பக்கம், அவற்றுக்கு இடையில் இல்லாத கோணம். கோணம் 30 டிகிரி, அதை ஒட்டிய பக்கம் 10 செ.மீ., எதிர்ப்பக்கம் 6 செ.மீ. 10 செ.மீ. பக்கத்தின் மறுமுனையில் காம்பஸை ஊன்றி 6-க்கு விரித்து வில் போட்டால் கோணத்தின் மற்றொரு கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும், இரண்டு விடை. 5 என்றால் தொட்டுக்கொண்டு போகும், ஒன்று. 4 என்றால் எட்டவே எட்டாது, கணக்கே தப்பு. 10-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி ஒரே விடை.

மாடியில் அளந்த கோணம், அங்கிருந்து ராஜகோபுரத்துக்குத் தூரம், ராஜகோபுரத்திலிருந்து மலைக்கோட்டைக்குத் தூரம் என்று கொடுத்தால்? இதுவும் அந்த வம்பு வகைதான். ஆனால் எதிர்ப்பக்கமான கடைசித் தூரமே பெரியது. தாராளமாகப் போதும்.