இரும்பை அறுக்கும் பட்டை ரம்பம்

செய்யூர் வட்டத்தின் கடலோரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு ஈரம் சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடுகிறது. எனவே, கடல்நீர் படும் உறுப்புகளுக்கு எவர்சில்வர் என்று நாம் வழங்கும் துருப்பிடிக்காத எஃகு ஏற்றதாகிறது. இதே கடற்கரையில் வடக்கே, கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் முக்கியப் பகுதிகளும் இவ்வகை எஃகால் ஆனவையே. அங்கே அது தாங்க வேண்டியது உப்பை அன்று. சூடான திரவ சோடியத்தை.

துருவை எதிர்க்கும் இந்த எஃகு, ரம்பத்தையும் எதிர்க்கிறது. இதை அறுப்பது எப்படி?

கையால் இயக்கும் ஹாக்ஸா முன்னே போகும்போது மட்டுமே வெட்டுகிறது. பின்னே வரும் நேரம் வீண். பட்டை ரம்பத்தில் அந்த வீண் இல்லை. மேலும் கீழுமாக அமைந்த இரு சக்கரங்களின் மேல், முடிவற்ற வளையமாக ஒரு பல் பட்டை ஓடுகிறது. வேலைப்பொருளை மேசைமீது வைத்துத் தள்ளினால், பற்கள் அதை மேசையோடு அழுத்தியபடியே அறுக்கின்றன. ஒவ்வொரு பல்லும் கணநேரம் வெட்டிவிட்டு, மீதிச் சுற்றில் ஆறிக்கொண்டு திரும்புகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் வில்லியம் நியூபெரி இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், பட்டையின் இரு முனைகளும் இணைந்த இடம் அடிக்கடி அறுந்தது. 1846இல் பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பான் என்ற பெண்மணி உறுதியான இணைப்பு முறையைக் கண்டார். அதன் பின்னரே இது மர ஆலைகளில் பரவியது. உலோகத்தை வேண்டிய வடிவில் அறுக்கும் செங்குத்து எந்திரம் 1930களில் அமெரிக்காவில் உருவானது.

மர ரம்பம் ஏன் உதவாது?

மரம் அறுக்கும் எந்திரத்தில் இரும்பையும் அறுத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்கு விடை தரும். சக்கரத்தின் விட்டம் 350 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 1.1 மீட்டர். நிமிடத்துக்கு 900 முறை சுழன்றால், பட்டை நிமிடத்துக்கு 990 மீட்டர் ஓடும். மரத்துக்கு இது பொருந்தும். மென்னெஃகுக்கோ சுமார் 50 மீட்டர் போதும். எவர்சில்வருக்கு 30 மீட்டர் அளவே. வேகம் மிகுந்தால் உராய்வு வெப்பத்தில் பற்கள் கடினம் இழந்து, சில நொடிகளில் மழுங்கிவிடும்.

50 மீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 45 முறை சுழன்றால் போதும். மோட்டாரோ 1440 முறை சுழல்கிறது. அதாவது 32 மடங்கு குறைக்க வேண்டும். ஒரு ஜோடி கப்பியால் இது ஆகாது. கியர் பெட்டியோ இடைத் தண்டோ தேவை. அலுமினியம் இதற்கு விலக்கு. மென்மையான அதை மிக அதிக வேகத்திலும் அறுக்கலாம்.

பல்லின் அளவும் முக்கியம். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு அங்குலத்துக்கு 24 பற்கள் உள்ள பட்டை ஏற்றது. பெரும்பல் பட்டையில் தகட்டின் விளிம்பு இரு பற்களுக்கிடையே சிக்கிப் பற்கள் முறியும். 50 மில்லிமீட்டர் கட்டைக்கோ 6 முதல் 10 பற்கள் போதும். பல் நெருக்கமானால் சீவல் தங்க இடமின்றி அடைத்துக்கொள்ளும்.

எவர்சில்வரிடம் தனிக் கவனம் தேவை. தயங்கித் தயங்கித் தள்ளினால் பற்கள் வெட்டாமல் உரசும். உரசிய பரப்பு மேலும் இறுகிவிடும். பிறகு புதுப் பட்டையும் அதில் வழுக்கும். எனவே மெதுவான வேகம், நிறுத்தாத சீரான அழுத்தம் என்பதே விதி.

சரியாக அறுபடுகிறதா என்பதைச் சீவலே சொல்லிவிடும். தளர்ந்து சுருண்ட சீவல் விழுந்தால் எல்லாம் சரி. நுண்பொடியாக உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை. கருகி நீலமாக வந்தால் வேகமோ அழுத்தமோ மிகை.

விரல்களுக்கு ஒரு சொல்

கிடைமட்ட எந்திரத்தில் பொருள் இடுக்கியில் இருக்கும். பட்டை தானே இறங்கும். செங்குத்து எந்திரத்தில் தள்ளுவது நம் கை. ஆகவே மேல் காப்பைப் பொருளுக்குச் சற்று மேலேவரை இறக்கிவிட வேண்டும். அறுப்பு முடியும் தறுவாயில் தடை திடீரென நீங்கிக் கை முன்னே பாயும். அப்போது அழுத்தத்தைக் குறைத்து, மரக்கட்டையால் தள்ளுக. உருண்டைக் கம்பியைக் கையில் பிடித்து அறுக்கலாகாது. பட்டை அதை உருட்டி விரலையும் உள்ளே இழுக்கும். அதை இடுக்கியில் இறுக்கிக்கொள்க. ஓடும் பட்டையருகே கையுறையும் வேண்டாம். துணி சிக்கினால் கையும் சேர்ந்தே போகும்.

பட்டை மழுங்கினால் மாற்றிவிடலாம். விரலுக்கு மாற்று இல்லை.