என்னாச்சு என்று கேட்ட ஆச்சி

எங்கள் சாலுக்கு ஒரு முறை கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். "வீட்டுல எத்தனை பேர்? தண்ணி எப்போ வருது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அதோடு சரி, மறுபடி யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி ஆச்சி மட்டும், "எழுதிட்டுப் போனாங்களே, என்னாச்சுய்யா?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாணவர்கள் மக்களிடம் போய்க் கற்க வேண்டும் என்பது நம் நாட்டில் பழைய எண்ணம்தான். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். நம் பிள்ளைகளில் பலர் இதில் சேர்ந்தவர்கள். மணிக்கணக்கு நிறைந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆச்சிக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அதில் இடமில்லை.

மும்பையிலேயே வேறொரு வழியும் இருந்தது. கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் 1920-களில் நாக்பாடாவில் ஓர் அக்கம்பக்க இல்லம் தொடங்கினார். தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவிலேயே இருந்து வேலை செய்வது அதன் முறை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1936-ல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி, இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். முதலில் குடியிருப்பு, பிறகு கல்லூரி என்ற வரிசையைக் கவனியுங்கள்.

அந்தக் கழகத்தில் படித்து, நாக்பாடா இல்லத்தில் பணிபுரிந்த ஷீலா படேல், நண்பர்களோடு 1984-ல் 'ஸ்பார்க்' அமைப்பைத் தொடங்கினார். நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தும் பேச்சு நீதிமன்றம் வரை போயிருந்த நேரம் அது. 1985-ல் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று பேசப்பட்டவர்கள், பல ஆண்டுகளாக அங்கேயே இருந்து பக்கத்திலேயே உழைப்பவர்கள் என்பது அதில் தெரிந்தது. அந்த விவரம் மக்கள் கைக்கே திரும்பி வந்தது.

அவர்களோடு கைகோத்தவர் நம்மவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சு வேலை செய்தவர். தமிழர் நிறைந்த ஜனதா காலனியைக் காக்கப் போராடியவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை என்று குடிசைப் பகுதி மக்களே எண்ணி வைத்திருந்தால் அதிகாரியிடம் சமமாக உட்கார்ந்து பேசலாம் என்பதை ஊர் ஊராகச் சொன்னார். இந்த முறை தென்னாப்பிரிக்காவுக்கும் போயிற்று. 1996-ல் குடிசைவாசிகளின் பன்னாட்டு அமைப்பு உருவானது. ஜோக்கின் 2000-ல் மக்சேசே விருது பெற்றார், 2018-ல் மறைந்தார். உலகக் குடிமகன் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இவர்தான்.

படித்தவர்களுக்கு எழுதவும் சட்டம் பார்க்கவும் தெரியும். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்பது ஆச்சிக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் வார்டு அலுவலகத்தில் பேச்சு எடுபடும். அப்படி ஒருமுறை கூடவே போய் மனுக் கொடுத்துப் பதில் வாங்கிய மாணவனுக்குக் குடிமையியல் புத்தகம் தனியாக எதற்கு?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தக் கல்லூரி நம் பகுதிக்கு வந்தாலும் மூன்று விஷயம் கேட்போம். கேள்விகளை முதலிலேயே நம்மிடம் காட்டட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் கூடவே சென்று எழுதட்டும். முடிவை நம் கூட்டத்தில், தமிழிலும் இந்தியிலும், வந்து சொல்லட்டும். டீ எப்போதும்போல் நாமே போட்டுக் கொடுப்போம்.

ஆச்சி இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்வியை இனி நாம்தான் கேட்க வேண்டும்.