நீதிபதிகளுக்கு நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?

இந்திரா காந்தி வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஈப்போவைச் சேர்ந்த இந்தப் பாலர்பள்ளி ஆசிரியைக்குத் தெரியாமலேயே, 2009-இல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் கணவர் மதம் மாற்றினார். அது செல்லாது என்று 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்திராவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

சட்டம் ஒன்றுதான், நீதிபதிகள் மாறியபோது முடிவும் மாறியது. சரி, இவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சட்டமன்றமா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்களே நீதிபதிகளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். வெர்ஜீனியா, தென் கரோலினா ஆகிய இரண்டிலும் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. நம் நாட்டில் இரண்டுமே கிடையாது. பேராக் சட்டமன்றத்தின் 59 உறுப்பினர்களுக்கும் ஈப்போ உயர்நீதிமன்ற நீதிபதி யார் என்பதில் எந்தப் பங்கும் இல்லை. அது கூட்டரசு விவகாரம்.

அப்போ யார்?

உயர்நீதிமன்றமும் அதற்கு மேலும் உள்ள நீதிபதிகளுக்கு நான்கு படிகள்:

1. நீதித்துறை நியமன ஆணையம் பெயர்களைப் பரிந்துரைக்கும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உருவாக்கியது.
2. பிரதமர் அதை ஏற்கலாம். சில பதவிகளுக்கு இன்னும் இரண்டு பெயர்கள் கேட்கலாம்.
3. ஆட்சியாளர்கள் மன்றத்தின் கருத்து கேட்கப்படும்.
4. பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிப்பார்.

எதற்காக இந்த விவாதம்?

ஆணையத்தில் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேரை நியமிப்பவரும் பிரதமரே. இந்த அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் கேட்டு வருகிறார்கள். நீதிபதிகள் தேர்தலில் நின்றால் பிரச்சாரப் பணமும் பெரும்பான்மையினரின் கோபமும் தீர்ப்பைத் தொடும் என்பது மறுபக்க வாதம். சிறுபான்மையினரான நமக்கு அதுவும் சின்ன விஷயம் இல்லை.

உங்களுக்கு என்ன?

உங்கள் தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் இன்று தாமானாகியிருக்கலாம். அந்த நிலத்துக்கோ, அங்கிருந்த கோயிலுக்கோ சிக்கல் வந்து உயர்நீதிமன்றம் போனால், இப்படி நியமிக்கப்பட்டவர்தான் விசாரிப்பார்.

2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம். அடுத்த பொதுத் தேர்தலில் உங்கள் நாடாளுமன்ற வேட்பாளர் வீடு தேடி வரும்போது ரோடு, லைட்டோடு இதையும் கேளுங்கள்: "நீதிபதிகள் நியமனத்தில் உங்கள் நிலைப்பாடு என்ன?"