ஆலந்தலைக்குத் திரும்பணும், கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட்: விசாவை விட நாள் கணக்கு முக்கியம்

சீக்கிரம் ரிட்டயர் ஆகி வேறு நாட்டில் செட்டில் ஆவது என்று பேச்சு எடுத்தாலே தாய்லாந்து, மலேசியா, போர்ச்சுகல் என்று ஒரு லிஸ்ட் வந்துவிடும். நம்ம தூத்துக்குடிக் கடற்கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆலந்தலை, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கம் பிறந்து, கப்பலிலோ வெளிநாட்டுக் கம்பெனியிலோ வேலைக்குப் போய், அங்கேயே குடியுரிமையும் வாங்கியவர்கள் இருக்காங்க. 46 வயதில் போதும்னு தோணுது. திருச்செந்தூருக்குத் தெற்கே, பிறந்த ஊரிலேயே வந்து இருக்கணும். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவர் வெளிநாட்டவர். தன் சொந்த ஊருக்கே விசா கேட்க வேண்டியவர்.

முதலில் ஒன்று தெளிவாகச் சொல்லிடறேன். இந்தியாவில் 'ரிட்டயர்மென்ட் விசா' என்று ஒன்று கிடையாது. தாய்லாந்தில் இருக்கு, ஆனால் 50 வயது ஆகணும், வங்கியில் 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்டணும். நமக்கு எதிர்க்கரையான இலங்கையின் 'மை ட்ரீம் ஹோம்' விசாவுக்கு 55 வயது. 46 வயதுக்காரருக்கு இரண்டுமே எட்டாது. நம்ம நாட்டில் சுற்றுலா விசா 5 வருஷத்துக்கு வாங்கலாம், ஆனால் அதை வைத்து நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. இந்திய வம்சாவளியினருக்கு என்ட்ரி விசா உண்டு. அதில் 180 நாளுக்கு மேல் தங்கினால் எஃப்ஆர்ஆர்ஓ-வில் பதிவு செய்யணும், அப்புறம் நீட்டிப்புக்கு அலையணும்.

அதனால் உங்களுக்கு உருப்படியான வழி ஓசிஐ கார்டுதான். குடியுரிமைச் சட்டத்தில் 2005-ல் செய்த திருத்தத்தில் வந்தது இது. பழைய பிஐஓ கார்டையும் 2015 ஜனவரியில் இதோடு சேர்த்துவிட்டாங்க. வயது வரம்பு இல்லை, டெபாசிட் இல்லை, மாத வருமானம் காட்டத் தேவையில்லை, எத்தனை வருஷம் இருந்தாலும் போலீஸ் பதிவு இல்லை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 275 டாலர். உலகத்தில் எந்த ரிட்டயர்மென்ட் விசாவோடு வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பாருங்க, இவ்வளவு மலிவாக வாழ்நாள் அனுமதி கிடைப்பது அபூர்வம். வெளிநாட்டு மனைவி அல்லது கணவருக்கும் கிடைக்கும், பதிவுத் திருமணம் ஆகி 2 வருஷம் முடிந்திருக்கணும்.

ஓட்டு கிடையாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. உடன்குடிப் பக்கம் ஒரு பனந்தோப்பு வாங்கிப் போடலாம்னு நினைச்சிருந்தால் அது நடக்காது. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் வீடு, மனை தாராளமாக வாங்கலாம். ஆனால் அலை தெரியுற மாதிரி மனை என்று யாராவது காட்டினால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அங்கே கட்ட அனுமதி உண்டா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க. இன்னொன்று, கோயிலுக்குப் போவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. மிஷனரி வேலை செய்யத்தான் 2021 மார்ச் அறிவிக்கைப்படி தனி அனுமதி வேணும்.

விசா விஷயம் இவ்வளவுதான். பணம் போவது வேறு இடத்தில்.

ஓசிஐ உங்களுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது. வருமான வரிச் சட்டம் அந்த நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள் இங்கே இருந்தால் நீங்க ரெசிடென்ட். 2026 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தும் இந்தக் கணக்கு மாறவில்லை. ரெசிடென்ட் ஆன உடனே உலக வருமானம் முழுக்க வரி என்று பயப்பட வேண்டாம். நீண்ட நாள் வெளியே இருந்து வருபவருக்கு நடுவில் ஒரு நிலை உண்டு, ஆர்என்ஓஆர் என்று சொல்வோம். முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் நான்ரெசிடென்டாக இருந்திருக்கணும், அல்லது முந்தைய 7 வருஷத்தில் இங்கே இருந்தது மொத்தம் 729 நாளுக்குள் இருக்கணும். இந்த நிலையில் உங்க வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், வாடகைக்கு இங்கே வரி இல்லை. ஒரு நிபந்தனை, அந்தப் பணம் முதலில் வெளிநாட்டுக் கணக்கில் வந்து சேரணும். நேராக இந்தியக் கணக்கில் விழும்படி செய்தால் வரி வரும்.

ஒரு உதாரணம். லண்டனில் 20 வருஷம் இருந்தவர், வருஷத்துக்கு 40 நாள் லீவில் ஊருக்கு வந்து போனவர், 2026 அக்டோபர் 5-ஆம் தேதி ஒரேயடியாகத் திரும்புகிறார். மார்ச் 31 வரை 178 நாள். 182-க்குள் இருப்பதால் அந்த வருஷம் நான்ரெசிடென்ட். அடுத்த இரண்டு வருஷம் ஆர்என்ஓஆர். ஆக 2029 மார்ச் வரை வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை.

இப்போ அதே ஆள், ஜூலை கடைசியில் பனிமய மாதா திருவிழாவுக்காக 20 நாள் வந்துவிட்டு லண்டன் போய், அக்டோபர் 5-ல் திரும்புகிறார். 178-ம் 20-ம் 198. முதல் வருஷமே ரெசிடென்ட், ஆர்என்ஓஆர். இரண்டாம் வருஷமும் ஆர்என்ஓஆர். மூன்றாம் வருஷம், அதாவது 2028 ஏப்ரல் முதல், 10-ல் 9 என்ற கணக்கு போயிடுச்சு. 7 வருஷ நாட்களைக் கூட்டினால் 200, 198, 366 (லீப் வருஷம்), மொத்தம் 764. 729-ஐத் தாண்டிடுச்சு. முழு ரெசிடென்ட். அவருக்கு வெளிநாட்டு வட்டியும் டிவிடெண்டும் வருஷம் 20 லட்சம் ரூபாய் என்று வைத்தால், இப்போதைய புதிய வரி முறை விகிதத்தில் செஸ்ஸோடு 2,08,000 ரூபாய். அங்கே கட்டிய வரி ஏதாவது இருந்தால் ஒப்பந்தப்படி கழியும். மாதா திருவிழாவுக்கு வராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்க கேட்க மாட்டீங்க. அப்படி வந்தால், அக்டோபர் கடைசிக்குத் திரும்புங்க, கணக்கு சரியாயிடும். வந்த நாள், போன நாள் இரண்டையுமே எண்ணுங்க. கடந்த 4 வருஷத்தில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தவருக்கு 182-க்குப் பதில் 60 நாள் என்ற விதி குறுக்கே வரலாம். அவர் டிக்கெட் போடுவதற்கு முன் ஆடிட்டரைப் பார்க்கணும்.

லாபத்தில் இருக்கும் வெளிநாட்டு ஷேர், ஃபண்ட் விற்பதாக இருந்தால் இந்த ஜன்னல் மூடுவதற்குள் விற்பது நல்லது, அந்த நாட்டு வரியையும் பார்த்துக்கொண்டு. முழு ரெசிடென்ட் ஆன பிறகு வெளிநாட்டுச் சொத்து விவரத்தை ரிட்டர்னில் காட்டியே ஆகணும். மறைத்தால் 2015 கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அங்கே உள்ள வீட்டையும் கணக்கையும் விற்றே ஆகணும் என்று பயமுறுத்துபவர்கள் இருக்காங்க. தேவையில்லை. வெளியே குடியிருந்தபோது சேர்த்ததை இங்கே வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்குது.

ஆனால் அதே ஃபெமா 182 நாள் வரை காத்திருக்காது. செட்டில் ஆகும் எண்ணத்தோடு வந்து இறங்கினாலே உங்க நிலை மாறிடும். என்ஆர்இ கணக்கை அப்படியே விட்டுவிட்டு வரியில்லா வட்டி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி ஆர்எஃப்சி கணக்காக மாற்றுங்க. பணம் டாலரிலோ பவுண்டிலோ இருக்கும், ஆர்என்ஓஆர் முடியும் வரை வட்டிக்கு வரியும் இல்லை.

பிரிட்டனிலிருந்து வருபவருக்கு ஒரு கசப்பான விஷயம். அந்நாட்டு அரசு பென்ஷன் முழுதாக வர 35 வருஷப் பங்களிப்பு வேணும், குறைந்தது 10. 46-ல் நிறுத்தினால் பாதியில் நிற்கும். அதோடு இந்தியாவில் குடியிருப்பவருக்கு அந்தப் பென்ஷன் வருஷா வருஷம் உயராது, முதலில் வாங்கிய தொகையிலேயே நின்றுவிடும். உங்க கணக்கில் விலைவாசி ஏற்றத்தோடு அந்தப் பென்ஷனும் ஏறும் என்று போட்டிருந்தால் அந்த வரியை இன்றைக்கே மாற்றுங்க.

மருத்துவக் காப்பீடு திரும்பி வந்து எடுக்கலாம்னு விடாதீங்க. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரை இருக்கலாம். ஓசிஐ-காரருக்குத் தரும் கம்பெனியில் இப்போதே தொடங்கினால், ஊருக்கு வரும்போது அதில் பாதியாவது ஓடியிருக்கும்.

கடைசியாக, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து வாங்கிய சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது. அதை இன்னும் வாங்காமல் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அந்த வேலையை முதலில் முடிங்க. கூடவே அதன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்க, நாள் எண்ணும்போது அந்த முத்திரைகள்தான் உங்க சாட்சி.