வாசித்தலும் பயன் சொல்லுதலும் – யூதரின் வாரப் பாராயணம் உணர்த்தும் பாடம்

சமய நூலொன்றை ஒருமுறை கற்று மூடிவைத்தல் எளிது. அதனைக் காலமுறை தவறாது சபையிலே வாசித்து, வாசித்த பகுதியைத் தம் வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குதல் அரிது. இவ்வரிய வழக்கம் சைவ மக்களாகிய நமக்குப் புதியதன்று. ஈழத்துச் சைவாலயங்களிலே கந்தபுராண படனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதனை விரித்துரைப்பர். அவ்வாறு விரித்துரைத்தலைப் 'பயன் சொல்லுதல்' என நம் முன்னோர் வழங்கினர். பொருள் சொல்லுதல் என்னாது பயன் சொல்லுதல் என்றமை சிந்திக்கற்பாலது. இதனையொத்த வழக்கமொன்று யூத மக்களிடையே ஈராயிரம் ஆண்டுகளாக நிலவி வருகின்றது. அதன் இயல்பையும், யட்டியாந்தோட்டை முதலிய சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் வாழும் நமக்கு அது உணர்த்துவனவற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

யூதரின் மூலமறை 'தோரா' எனப்படும். தமிழ் விவிலியத்திலே ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயர்பெற்ற ஐந்து நூல்களுமே அஃதாம். இவ்வைந்தனையும் 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் முறையே வாசித்து ஓராண்டில் முடிப்பர். முடிக்கும் நாளிலேயே முதற்பகுதியை மீண்டும் தொடங்குவர். ஆதலின் இவ்வாசிப்புக்கு ஓய்வில்லை. தோற்சுருளில் கையால் எழுதப்பட்ட ஏட்டிலிருந்தே வாசித்தல் வேண்டும். சனிக்கிழமை காலை வாசிப்புக்குச் சபையோருள் எழுவர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்படுவர். அவ்வழைப்பு ஒவ்வொருவருக்கும் பெருஞ் சிறப்பாகக் கருதப்படும்.

எபிரேய மொழி பொதுமக்களுக்கு விளங்காத காலம் வந்தபோது, வாசிப்போன் ஒரு வசனத்தை வாசித்து நிறுத்த, பக்கத்தே நிற்பவன் அதனை அரமேய மொழியில் உரைக்கும் முறை எழுந்தது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்னும் நூல் இதற்கு விதி வகுத்துள்ளது. நம் படன மரபோடு இம்முறை எத்துணை நெருங்கிய ஒப்புமையுடையது என்பதை வாசகர் தாமே உணர்வர். அதன்மேல் அவ்வாரப் பகுதியைக் காலத்தின் சிக்கல்களோடு பொருத்தி உரைநிகழ்த்தும் வழக்கமும் வளர்ந்தது. இன்றும் உலகெங்குமுள்ள யூத போதகர் கூலி, கடன், நோயாளர் பராமரிப்பு, அகதிகள் முதலிய பொருள்களை அவ்வவ்வாரப் பகுதியை முன்வைத்தே பேசுகின்றனர்.

இப்பொருத்துதல் மனம்போன போக்கிற் செய்யத்தக்கதன்று. நன்கு செய்யப்பட்ட உரைகளை நோக்குமிடத்து அவை மூன்று வினாக்களுக்கு விடை தேடுதலைக் காணலாம். இவ்விதி தன் காலத்தில் எதனைக் கட்டளையிட்டது? எவரைக் காத்தற்பொருட்டுக் கட்டளையிட்டது? அவருடைய நிலையில் இன்று நம்மிடையே நிற்பவர் யாவர்? இம்மூன்றாம் வினாவைக் கேளாத வாசிப்பு சடங்காய் முடியும். முதலிரண்டையும் கேளாத வாசிப்பு தன் விருப்பத்தை நூலின்மேல் ஏற்றுவதாய் முடியும்.

உதாரணமாக, பெரும்பாலும் ஆவணி மாதத்தையொட்டி வாசிக்கப்படும் 'கீ தேட்சே' என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். உபாகமத்தைச் சேர்ந்த இப்பகுதியில் மரபு எண்ணிக்கைப்படி 74 விதிகள் அடங்கியுள்ளன. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றைய பொழுது சாயுமுன் கொடுத்துவிடல் வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனைக் காத்தலே அதன் கருத்து. வாரக்கூலியும் மாதக்கூலியும் பெறுவோருக்கு இவ்விதி எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுந்தபோது, ஒப்பந்தத் தவணை எப்பொழுது முடிகின்றதோ அப்பொழுதே கூலி கைசேரவேண்டுமென மிஷ்னா வகுத்தது. காலத்தின் அளவு மாறினும் காலந் தாழ்த்தலாகாது என்னும் கருத்து மாறவில்லை.

இனி மூன்றாம் வினாவை நம் தோட்டங்களை நோக்கிக் கேட்போம். இங்கே ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டிலும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980ஆம் ஆண்டிலும், பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இவையாவும் தொழிலாளி உழைத்து, பின்னாளிற் பெறுதற்கென வைத்த கூலியேயாம். முப்பது நாற்பது ஆண்டுகள் இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் ஓய்வுபெற்றவருக்கு உரிய பணம் உரிய காலத்திற் கிடையாவிடின், சாய்ந்துவிட்ட பொழுது எத்தனை பொழுது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அப்பகுதியிலேயே பெரியதொரு படிக்கல்லும் சிறியதொரு படிக்கல்லும் பையில் வைத்திருத்தலாகாது என்ற விதியும் உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசின்முன் கூடையோடு நின்றோர்க்கு இதற்குப் பயன் சொல்ல வேண்டுவதில்லை. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறை நேர்மையான கணக்கின்படி கழிக்கப்படல் வேண்டும். ஒரு கிலோ குறைந்ததனால் முழுப்பேர் அரைப்பேராகும் இடத்திலே, தராசின் முள் ஒரு குடும்பத்தின் இராப்போசனத்தைத் தீர்மானிக்கின்றது.

மற்றுமொரு விதி வீட்டைப் பற்றியது. புதுவீடு கட்டுவோன் மேற்றளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைத்தல் வேண்டும். அமையாமையால் ஒருவன் விழுந்து இறப்பின், இரத்தப்பழி அவ்வீட்டின்மேற் சாரும். நம் லயங்களுக்கு மேற்றளம் இல்லை. ஆயின் மேலே மலை உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் இக்கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும் மண்சரிந்து மக்கள் புதையுண்டமை நாடறிந்த துயரம். மழை இயற்கையின் செயல். சரியக்கூடிய சரிவின் கீழே மக்களைக் குடியிருத்துதல் மனிதரின் செயல். குடியிருப்பை அமைப்பவனிடமே அதன் காவலையும் ஒப்படைத்த அப்பழைய விதி, இந்நூற்றாண்டின் சட்டவியலாரும் ஒப்பத்தக்கது.

தோரா பலமுறை வலியுறுத்தும் பிறிதொரு கட்டளை, அந்நியனை ஒடுக்கலாகாது என்பதாம். அதற்கு அது கூறும் காரணம், நீங்களும் எகிப்திலே அந்நியராய் இருந்தீர்கள் என்பதே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அப்பழியின் எச்சத்தைச் சுமந்த சமூகத்துக்கு இக்காரணத்தின் ஆழம் நன்கு விளங்கும். ஆயினும் பட்ட துன்பத்தின் நினைவு தானாகவே அறமாகிவிடுவதில்லை. இதற்குத் தமிழகத்தின் அயலிலேயே சான்று உள்ளது.

கி.பி. 1000ஆம் ஆண்டளவிலே சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வட்டெழுத்திற் பொறித்த செப்பேடு வழங்கினான். அத்துணைப் பழைமையுடைய கொச்சி யூதருள் 'பரதேசி' எனப்பட்ட பிரிவினர் 1568ஆம் ஆண்டில் மட்டாஞ்சேரியிலே தொழுகைக்கூடம் எடுத்தனர். அடிமைத்தளையினின்றும் இறைவன் தம் முன்னோரை மீட்ட வரலாற்றை அவர்கள் ஆண்டுதோறும் அங்கே வாசித்தனர். ஆனால், தம்மிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களை உள்ளே சமமாக அமரவிடவில்லை; ஏனையோரைப்போலத் தோரா வாசிப்புக்கு அழைக்கப்படும் உரிமையையும் மறுத்தனர். விடுதலையின் நூல், விடுதலை பெற்றவனுக்கே எட்டாததாயிற்று.

இம்முரணை எதிர்த்து நின்றவர் அவ்வழியில் வந்த ஆபிரகாம் பராக் சாலெம் (1882–1967). சென்னையிலே கலைமாணிப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, எர்ணாகுளத்தில் வழக்கறிஞராய் விளங்கிய அவர், தொழிற்சங்க இயக்கத்துக்கும் தொண்டாற்றினார்; கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார்; 1929ஆம் ஆண்டின் லாகூர்க் காங்கிரஸ் மகாநாட்டுக்கும் சென்றார். தம் சமூகத்தின் உள்ளேயே அவர் சத்தியாக்கிரக முறையைக் கையாண்டார். தொழுகைக்கூடத்தின் பழைய தடைகள் படிப்படியாகத் தகர்ந்தன. 'யூதக் காந்தி' என்னும் பெயர் அவருக்கு வழங்குகின்றது. அவர் புதிய மறையொன்றை வகுக்கவில்லை. அனைவரும் வாசித்து வந்த நூலுக்குத் தம் வாழ்வினாற் பயன் சொன்னார்.

யூதரின் குறையைக் கூறி நாம் மகிழ்தற்கு இடமில்லை. கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் இறுதியிலே, வேடர் குடியில் வளர்ந்த வள்ளியம்மையைத் தேடிச்சென்று முருகப்பெருமான் மணந்தருளிய படலம் உள்ளது. அப்படலத்துக்கு ஆண்டுதோறும் பயன் சொல்லிவந்த நாட்டிலே, 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபடும் உரிமை வேண்டி மக்கள் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியதாயிற்று. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும் நிலை அதுவாயிற்று. சட்டமும் புராணமும் கையிலிருக்க, மூன்றாம் வினா மாத்திரம் கேட்கப்படாதிருந்தது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் அவ்வினாவுக்கு வேலை உண்டு. காளாஞ்சி பெறும் முறையிற் குலம் பார்க்கப்படுகின்றதா? திருவிழாச் செலவின் பெரும்பங்கைத் தம் கூலியிலிருந்து கொடுக்கும் பெண்களுக்குக் கோயிற் சபையில் இடமுண்டா?

ஆதலின் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் கால்மணி நேரம் ஒதுக்கி, வாரமொரு திருக்குறள் அதிகாரம் வாசிக்கலாம். 133 அதிகாரங்களும் இரண்டரை ஆண்டுகட்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நிறைவுறும். ஒரு மாணவர் வாசிக்க, மற்றொருவர் மேற்கூறிய மூன்று வினாக்களையும் முன்வைத்துப் பயன் சொல்லட்டும். நடுவு நிலைமை அதிகாரத்திலே தராசு வரும் வாரத்தில் கொழுந்துத் தராசும், கள்ளுண்ணாமை வரும் வாரத்தில் சம்பள நாளின் மாலையும் பேசப்படட்டும். வாசிக்க அழைக்கப்படுவோருள் இதுவரை அழைக்கப்படாதவர் முதல்வராய் இருக்கட்டும்.

நூல் ஆண்டுதோறும் மாறாது வருகின்றது. அதனைக் கேட்கும் நாமே ஒவ்வோர் ஆண்டும் மாறுதற்குரியோம். அம்மாற்றமே வாசிப்பின் பயன் என்பது நம் முன்னோர் இட்ட பெயராலேயே விளங்கும்.