வியன்னாவுக்குள் நுழைந்த முரசு

மேலைச் செவ்வியல் இசையின் வரலாற்றை எழுதுவோர், தேவாலயத் துறவியரில் தொடங்கி, பாஹ், மோட்சார்ட், பீத்தோவன் என்று பெயர்களை அடுக்கி முடிப்பர். அவ்வரலாற்றின் வாசலில் நம்மவர் சிலரும் நிற்கின்றனர். இசை குறித்த மார்க்கத் தீர்ப்பில் அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு இங்கு நமது பொருளன்று. வரலாறு மட்டுமே பொருள்.

முதலில் ஒரு பிழையைக் களைவோம். ‘தோ, ரே, மீ’ எனும் சுரப்பெயர்கள் தால், ரா, மீம் எனும் அரபு எழுத்துகளிலிருந்து பிறந்தவை என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். கேட்க இனிக்கிறது, சான்றுதான் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குயிதோ, ஒரு லத்தீன் துதிப்பாடலின் அடிகளுடைய முதலசைகளைக் கொண்டே அவற்றை அமைத்தார். அவரது முதற்சுரம் ‘தோ’ அன்று, ‘உத்’. ‘தோ’ பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அதற்குத் தாலைத் தந்தையாக்குவது, பிள்ளை பிறக்கும் முன்னரே பெயர் சூட்டிய கதைதான்.

இல்லாததற்கு ஏன் ஏங்க வேண்டும்? உள்ளதே போதும். அரபியரின் ‘அல்ஊத்’, ஐரோப்பாவில் ‘லூட்’ ஆயிற்று. ‘அல்’லின் அலிஃபைத் தொலைத்தும் லாமை விடாமல் பற்றிக்கொண்டது. ‘ரபாப்’ அங்கே ‘ரெபெக்’ ஆகி, வயலினின் முன்னோருள் ஒன்றாயிற்று.

அடுத்தது முரசு. 1683இல் உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. படை நுழைய இயலாத நகரினுள் அதன் முரசு பின்னர் நுழைந்தது. 1782இல் அதே வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ஓபெராவில், துருக்கிய அந்தப்புரக் கதைக்குப் பெருமுரசும் கைத்தாளமும் முக்கோணமும் துணைநின்றன. ஹைடனின் 100ஆம் சிம்பொனியிலும் (1794), பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியிலும் (1824) அவற்றின் ஒலி கேட்கும். ஐரோப்பியர் அக்கருவித் தொகுதியைத் ‘துருக்கிய இசை’ என்றே அழைத்தனர்.

விந்தை இனிமேல்தான். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரிப் படையைக் கலைத்தபோது, அதன் இசைக்குழுவும் கலைந்தது. ஐரோப்பிய முறைக் குழுவை நடத்த, 1828இல் இத்தாலியரான ஜுசெப்பே தோனிசெத்தி இஸ்தான்பூல் வந்தார். நம் முரசு அங்கே சிம்பொனி ஏறியிருக்க, அவர்களின் ஊதுகொம்பு இங்கே அரண்மனை ஏறிற்று!

ஒரு பொய்ப்பெருமை உடைபடும் நாளில், அதன் அருகிலிருக்கும் மெய்ப்பெருமையும் ஐயத்துக்குள்ளாகிறது. ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து ஏற்கும் சமுதாயம், தன் புகழ்க்கதைகளுக்கும் ஸனத் கேட்க வேண்டாமா?