மலைப்பாதைச் சைக்கிளுக்குக் கம்பளி ஆடை

கம்பளி என்பது செம்மறியாட்டின் உரோமத்தைக் கொண்டு நெய்யும் அல்லது பின்னும் துணி. குளிருக்குப் போர்த்திக்கொள்வது என்றே அது பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால் சைக்கிள் ஓட்டுவோரின் சட்டையாகவும் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டு வந்திருக்கிறது. ஏற்றத்தில் வியர்த்து, இறக்கத்தில் குளிர்ந்துபோகும் உடலுக்கு ஏற்ற துணி அது. இலங்கையின் மலையகத்திலுள்ள மஸ்கெலியாவைச் சூழ்ந்த பாதைகளில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில், சைக்கிள் பரவுவதற்கு வெகு முன்பே கம்பளி ஒரு வேலை உடுப்பாக இருந்தது.

ஏற்றமும் இறக்கமும்

மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனருகே எழும் சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதி, ஏறக்குறையக் கடல் மட்டத்தில் தொடங்கி 1,868 மீற்றரில் முடிகிறது. அடிவாரத்தில் 28 பாகை இருக்கும் நேரத்தில் உச்சியில் 16 பாகைதான் இருக்கும். ஒரே வீதியில், ஒரே நாளில், ஓட்டுநர் இரண்டு காலநிலைகளைக் கடக்கிறார்.

இதைவிடப் பெரிய மாற்றம் அவருடைய உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. தசைகள் செலவிடும் சக்தியில் 20 முதல் 25 வீதமே மிதிகட்டையைச் சென்றடைகிறது. மீதி அனைத்தும் வெப்பமாகிறது. கினிகத்தேனை ஏற்றத்தில் 150 வாற்று வலுவுடன் மிதிப்பவரின் உடல் 450 முதல் 600 வாற்று வரை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஓய்ந்திருக்கும் உடலோ ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தையே வெளிவிடும். ஏற்றத்தில் மிகுந்த வெப்பத்தை வியர்வைதான் வெளியேற்றுகிறது. ஒரு இலீற்றர் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் தேவை.

உச்சியைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. கால்கள் ஓய்கின்றன, வெப்பம் உண்டாவது வெகுவாகக் குறைகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று நெஞ்சில் மோதுகிறது. நுவரெலியாவின் அதிகாலையில் 10 பாகை என்பது சாதாரணம். அந்த வேகத்தில் அது தோலுக்கு 6 பாகையாகவே உறைக்கும். அந்நேரம் சட்டையில் தேங்கியிருக்கும் வியர்வை தொடர்ந்து ஆவியாகி, இனி இழக்கக்கூடாத வெப்பத்தையும் உறிஞ்சிவிடுகிறது. மலைப்பாதையில் உடுக்கும் துணிக்கு உண்மையான சோதனை இந்த இறக்கத்தில்தான்.

மழையும் சேர்ந்துகொள்கிறது. இந்த வீதி ஏறுவது தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் சரிவில். வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மழையில்லாத மாதங்களிலும் காலையில் மூடுபனி இறங்கும்.

தோட்டத்துக் கம்பளி

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள், இந்த மழையையும் குளிரையும் முன்பு அறியாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்த காப்பு கறுப்புக் கம்பளி. அதன் விலையைத் தோட்ட நிர்வாகம் அவர்களுடைய கணக்கில் பற்றெழுதிக் கழித்ததும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளியை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டு, முதுகில் தொங்கவிட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டார்கள். இடுப்பைச் சுற்றிப் படங்கு என்னும் தடித்த துணியைக் கட்டினார்கள். மேலிருந்து வரும் மழைக்குக் கம்பளி. தேயிலைச் செடியிலிருந்து ஒட்டும் ஈரத்துக்குப் படங்கு.

தென்னிந்தியாவில் இவ்வகைக் கம்பளியை நெய்வதில் பெயர்பெற்றவர்கள் ஆடு வளர்க்கும் குரும்பர் சமூகத்தினர். கர்நாடகத்தின் சள்ளக்கெரே இன்றும் அதற்குப் பெயர்போன ஊர். தக்காணத்துச் செம்மறியின் முரட்டு உரோமத்தை நூற்று, நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றிக் குழித்தறியில் நெய்வது அங்குள்ள வழக்கம். பசை ஏறிய துணி விறைப்பாகவும் நெருக்கமாகவும் அமைவதால் மழைத்துளி சட்டென்று உள்ளே இறங்குவதில்லை.

பிற்காலத்தில் கம்பளியின் இடத்தைப் பொலித்தீனும் மழைக்கோட்டும் பிடித்தன. அவை எடை குறைந்தவை, மலிவானவை, மழையை முற்றாகத் தடுப்பவை. ஆனால் வியர்வையாவிக்கும் அவை வழிவிடுவதில்லை. சரிவில் ஏறி இறங்கி வேலை செய்பவரின் உடலில் அந்த ஆவி துணிக்குள்ளேயே நீராகப் படிகிறது. மழைக்கோட்டுடன் ஏற்றத்தில் மிதிக்கும் சைக்கிள் ஓட்டுநரும் இதே காரணத்தால்தான் உட்புறமிருந்து நனைகிறார்.

நாரின் அமைப்பு

கம்பளி நார், தலைமயிரையும் நகத்தையும் போலக் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் ஒன்றன்மேலொன்றாகக் கூரை ஓடுகளைப் போல அடுக்கிய செதில்கள் தெரியும். செதில்களின் மேல் மெல்லிய கொழுப்பமிலப் படலம் இருக்கிறது. நீர்த்துளி அதில் பரவாமல் உருண்டு நிற்பதற்கு அதுவே காரணம். செதில்களுக்குள்ளே இருக்கும் பகுதி நீரை விரும்பும் இயல்புடையது. ஆவியாக வரும் நீர் மூலக்கூறுகள் அங்கே நுழைந்து தங்கிவிடுகின்றன. வெளியே நீரை விலக்கி, உள்ளே ஆவியை ஏற்கும் இந்த இரட்டைக் குணமே கம்பளியின் தனித்தன்மை.

நாரின் உட்பகுதியில் இருவகை உயிரணுக்கள் இரு பக்கமாக அமைந்திருப்பதால் நார் நேராக வளராமல் சுருண்டு வளர்கிறது. சுருண்ட நார்கள் நெருங்கிப் படிய முடியாமல் விலகி நிற்க, இடையே காற்று சிறைப்படுகிறது. வெப்பத்தைத் தடுப்பது நாரைவிட அந்த அசையாக் காற்றுதான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே காற்றின் இடத்தை நீர் பிடித்துவிட்டால் எந்தத் துணியும் குளிரும். பருத்தி நனைந்ததும் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கம்பளி நார் நனைந்தாலும் சுருளை முற்றாக இழப்பதில்லை. காற்றறைகளில் ஒரு பகுதியாவது எஞ்சுகிறது. நனைந்த கம்பளி உலர்ந்த கம்பளியைப் போல வெதுவெதுப்பாக இருக்கும் என்பது மிகை. நனைந்த பருத்தியைவிட மேலானது என்பதே சரி.

உடம்பில் குத்துவதும் குத்தாததும் நாரின் தடிப்பைப் பொறுத்தது. 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட நாரின் நுனி தோலில் பட்டு வளையாமல் குத்தும். தக்காணத்துக் கம்பளி நாரின் சராசரித் தடிப்பே அந்த அளவைத் தாண்டுவதால் அது சட்டைக்கு மேலே போர்த்தத்தான் உதவும். மெரினோ ஆட்டின் நார் பெரும்பாலும் 24 மைக்ரோனுக்குள் அடங்கும். உள்ளாடைக்குரிய மெல்லிய ரகங்கள் 20 மைக்ரோனுக்கும் கீழே. தமிழகத்தில் இந்த மென்மைக்கு அண்மையில் வருவது, 19ஆம் நூற்றாண்டில் டஸ்மேனிய மெரினோ முதலிய இனங்களின் கலப்பால் நீலகிரி மலையில் உருவான நீலகிரிச் செம்மறி. அந்த இனத்தை உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலுள்ள ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது.

ஈரத்தை வாங்கும் விதம்

சாரீரப்பதன் 65 வீதமுள்ள காற்றில் கம்பளி தன் உலர் எடையில் ஏறத்தாழ 15 வீதம் நீரை ஏற்றிருக்கும். பருத்தி அதில் பாதியை ஏற்கும். பொலியெஸ்டர் அரை வீதத்தைக்கூட எட்டாது. ஈரம் நிறைந்த காற்றில் கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை ஏற்கும். ஆனாலும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது.

ஏற்றத்தில் தோலிலிருந்து எழும் ஆவி, துளியாவதற்கு முன்பே நாருக்குள் போய்விடுகிறது. பின்னர் நார் அதை மெதுவாக வெளிக்காற்றுக்கு விடுகிறது. பொலியெஸ்டர் வியர்வையை நீராகவே மேற்பரப்பில் பரப்பி விரைவில் காயவைக்கிறது. வெயிலில் அது நன்மை. குளிர்ந்த இறக்கத்தில் அந்த விரைவே உடலைச் சட்டென்று குளிர்விக்கிறது. கம்பளியின் மெத்தனம் அங்கே பயன் தருகிறது.

ஈரத்தை ஏற்கும்போது கம்பளி வெப்பத்தையும் வெளிவிடுகிறது. முற்றாக உலர்ந்த 1 கிலோகிராம் கம்பளி, ஈரம் நிறையும்வரை ஏறத்தாழ 960 கிலோயூல் வெப்பத்தை விடும். ஓய்ந்திருக்கும் ஒருவரின் உடல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வெளிவிடும் வெப்பத்துக்கு இது சமம். சைக்கிள் சட்டை சில நூறு கிராமே இருக்கும். முற்றாக உலர்ந்த நிலையிலும் யாரும் அதை உடுப்பதில்லை. ஆகவே கிடைப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். எனினும் உலர்ந்த அறையிலிருந்து மூடுபனிக்குள் இறங்கும் முதல் சில நிமிடங்களில் அது உணரப்படும்.

வாடை குறைவு என்பது இன்னொரு நன்மை. வாடை தரும் மூலக்கூறுகளை நார் உள்ளே பிடித்துவைத்துக்கொள்வதால் அவை காற்றில் பரவுவது குறைகிறது. துணி நாட்கணக்கில் காயாத மழைக்காலத்தில், ஒரே சட்டையைக் காற்றாடவிட்டு மறுநாளும் உடுக்க இது வழிசெய்கிறது.

சைக்கிள் ஓட்டத்தில் கம்பளி

1880களில் ஜேர்மன் விலங்கியலாளர் குஸ்தாவ் யேகர், உடலையொட்டி உடுப்பதற்கு விலங்கின் நாரே உகந்தது என்று வாதிட்டு எழுதினார். அவருடைய கருத்தைப் பின்பற்றி 1884இல் இலண்டனில் யேகர் பெயரிலேயே கம்பளி ஆடை நிறுவனமொன்று தொடங்கப்பட்டது. சைக்கிள் மோகம் ஐரோப்பாவில் பரவிய காலமும் அதுவே.

1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் போட்டியில் ஓட்டுநர்கள் கம்பளிச் சட்டையே அணிந்தார்கள். முன்னணியில் இருப்பவரை அடையாளம் காட்டும் மஞ்சள் சட்டை 1919இல் அறிமுகமானபோது அதுவும் கம்பளிதான். 1910இல் அப்போட்டி முதன்முதலாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. அவற்றுள் ஒன்றான தூர்மலேயின் உயரம் 2,115 மீற்றர். சிவனொளிபாத மலையின் உச்சியைவிட 128 மீற்றர்தான் குறைவு. கணவாயின் உச்சியை அடைந்ததும் ஓட்டுநர்கள் பத்திரிகைத் தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவது நெடுங்கால வழக்கம். பின்னிய கம்பளிக்குள் காற்று எளிதில் புகும் என்பதால் அந்தத் தாள் தேவைப்பட்டது.

பொலியெஸ்டர் 1941இலும் லைக்ரா 1958இலும் கண்டுபிடிக்கப்பட்டன. 1970களிலும் 1980களிலும் போட்டி ஓட்டுநர்கள் உடலோடு ஒட்டும் செயற்கை இழைக்கு மாறினார்கள். காற்றின் தடையைக் குறைக்க அது உதவியது. சாயமும் எழுத்தும் அதில் தெளிவாகப் பதிந்தன. கம்பளி பின்னர் நெடுந்தூரச் சுற்றுலா ஓட்டுநர்கள் வழியாகத் திரும்பி வந்தது. உட்புறம் மெரினோவும் வெளிப்புறம் பொலியெஸ்டரும் சேர்த்துப் பின்னும் துணி 1990களில் அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது.

உடுக்கும் முறை

மலைப்பாதைக்குத் தடித்த ஒரே சுவெற்றரைவிட மெல்லிய இரண்டு அடுக்குகள் நல்லவை. முதலாவது, தோலோடு படியும் மெரினோ உட்சட்டை. சதுர மீற்றருக்கு 150 கிராம் அளவிலான துணி போதும். இரண்டாவது, முன்புறம் சிப் வைத்த கம்பளிச் சட்டை. ஏற்றம் தொடங்குமுன் சிப்பை இறக்கி, உச்சியை அடையுமுன் ஏற்றிவிட வேண்டும். தனியாகக் கழற்றக்கூடிய கையுறையும் முழங்கால் உறையும், நிற்காமலே குளிருக்கேற்ப உடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் உதவும்.

மூன்றாவதாக, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்திருக்க வேண்டும். அது இறக்கத்துக்கும் கனமழைக்கும் மட்டும் உரியது. கம்பளி மழைக்கோட்டாகாது. தூறலையும் மூடுபனியையும் அது தாங்கும். அரைமணி நேர அடைமழையில் ஊறிப்போகும். சக்கரம் தெறிக்கும் நீரில் பாதந்தான் முதலில் நனைகிறது என்பதால், கம்பளிக் காலுறை மலைப்பாதையில் மிகுந்த பயன் தரும்.

கம்பளிக்குக் குறைகளும் உண்டு. ஊறிய கம்பளி கனத்துத் தொய்யும். பின்பைகளில் சாமான் இருந்தால் சட்டை இடுப்புக்குக் கீழே இழுபடும். காய்வதற்குப் பொலியெஸ்டரைவிட அதிக நேரம் எடுக்கும். ஆசனத்தில் உரசும் இடத்தில் விரைவில் தேய்வதால் காற்சட்டைக்குச் சிறிது நைலோன் கலந்த துணியே உகந்தது. விலையும் கூடுதல். அவிசாவளை வெயிலில் தடித்த கம்பளி வேண்டாத சுமை.

அசலை அறிதலும் பேணுதலும்

நுவரெலியாவின் பேல் பஜாரிலும் சிவனொளிபாத மலைக்கு ஏறும் நல்லதண்ணி யாத்திரைப் பாதைக் கடைகளிலும் விற்கும் சுவெற்றர், குல்லா, கையுறைகளில் பல அக்ரிலிக் இழையால் ஆனவை. அடையாளச் சீட்டு இல்லாவிட்டால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். கம்பளி தயங்கிக் கருகும். மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும். எஞ்சும் கரி விரலில் பொடியும். அக்ரிலிக்கும் பொலியெஸ்டரும் உருகிச் சொட்டி, ஆறியதும் பொடியாத கட்டியாகும். கலப்புத் துணியில் இரண்டு குறிகளும் தெரியும்.

கம்பளியை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துவிடும். அதை மீட்க வழியில்லை. குளிர்ந்த நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். பிழியாமல் உலர்ந்த துவாயில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் பரப்பிக் காயவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீளும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே காயப்போடுவது தோட்டத்து லயன் குடியிருப்புகளில் வழக்கம்; கம்பளி அந்த நேரடிச் சூட்டில் விறைத்துப்போகும், புகை வாடையும் ஏறும்.

கெரற்றினை உண்ணும் அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வையும் அழுக்கும் படிந்த துணியையே முதலில் அரிக்கும். ஆகவே கழுவாத கம்பளியைப் பெட்டியில் மூடி வைக்கக்கூடாது. முற்றாகக் காயவைத்து, பூச்சி உருண்டை இட்டு மூடி, வெயில் கிடைக்கும் நாட்களில் வெளியே எடுத்து உதறிக் காற்றாட விட்டால் ஒரு சட்டை பல ஆண்டுகள் உழைக்கும்.